தண்ணீர்ச் சத்தத்தோடு ஒரு பதிவு

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்குப் போகும் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது நான் இப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. கோரையும் முள்ளும் மண்டிக் கிடக்கும், நடுவில் வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். மணல் லாரிகளை நாங்கள் நிறுத்தியபோது ஆற்றில் மணலே கொஞ்சந்தான் மிச்சமிருந்தது. ஜெயித்தோம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்தப் போராட்டத்தின் நோட்டீஸ், போட்டோ, கேசட் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறேன் என்று பாலக்காட்டிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். மலையாளி. என் தமிழைக் கேட்டுக் கேட்டு அவரும் தமிழ் பேசப் பழகிக்கொண்டார். கேசட்டுகள் என்னிடம்தான் இருந்தன. அப்போது நான் அங்கன்வாடி டீச்சர். என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மத்தியானத்தில் ஆற்றில் இறங்கும் கடவுக்குப் போய்விடுவேன்.

லாரி இறங்கும் அந்தக் கடவில் முதலில் போய் உட்கார்ந்தது அக்காதான். சொந்த அக்கா இல்லை. ஆற்றங்கரையில் வெண்டையும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்தவர். கிணறு வற்றியதும் ஒரு நாள் தனியாகப் போய் வழியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் நான் போனேன், அப்புறம் ஊரே வந்தது. அந்த வெயில் காலம் முழுக்க நாங்கள் இருவரும் ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவ்வளவு பேச்சும் சிரிப்புமாக நான் யாருடனும் சாப்பிட்டதில்லை.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்து ஆசிரியை என்னை வரச்சொன்னார். ஹெட்போனை மாட்டிவிட்டார். அக்காவின் குரல் பக்கத்து அறையில் இருப்பதுபோல் தெளிவாக வந்தது. ஆனாலும் எனக்கு என்னவோ போலிருந்தது. அக்கா எங்கோ நாலு சுவருக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல.

"பின்னால ஒரு சத்தம் இருந்துச்சுங்களே டீச்சர்?"

"அது நாய்ஸ்தானே சேச்சி. அதைக் களைஞ்சுட்டேன்."

"அது ஆறுங்க."

அவர் பழைய பதிவைத் தேடி எடுத்து, ஹெட்போனைத் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "ரெண்டும் வெக்கலாம் சேச்சி" என்றார்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. குரல் யாருடையதோ அவர்கள் சம்மதம் வேண்டும். இந்தக் கேசட்டில் அக்காவோடு பேசுவது அவருடைய தம்பி. மணல் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். கடவில் எல்லார் முன்னாலும் அக்காவும் தம்பியும் போட்ட சண்டைதான் அது. லாரி நின்றதும் தம்பி வேலை தேடி மூணாறு பக்கம் சின்னக்கானலுக்குப் போனார். அவர் மனைவி படுக்கையில் விழுந்ததும் அக்காவும் காய்கறிக் காட்டை விட்டுவிட்டு மலையேறினார். அதோடு சரி. எப்போதாவது போன்.

பொள்ளாச்சி, உடுமலை வழியாக மூணாறு போய், அங்கிருந்து ஜீப்பில் போனேன். எஸ்டேட் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. ஸ்வெட்டர் போட்ட அக்காவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வா கண்ணு. குளுருதா?" என்று என் கையைப் பிடித்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். பேச்சில் மலைக்காரர்களின் இழுப்பு ஏறியிருந்தது.

டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டும் தம்பி மத்தியானச் சோற்றுக்கு வந்தார். மூவரும் உட்கார்ந்த பிறகு போனில் ஆற்றுச் சத்தம் உள்ள பதிவை ஓடவிட்டேன்.

"நீ ஊட்டுக்குப் போக்கா. லோடு போனாத்தான் எனக்குச் சோறு."

"உன்ற சோறு எனக்குந்தான் தெரியும். கெணத்துல தண்ணியில்லாம அதை எதுலடா ஆக்குவே?"

அப்புறம் தம்பி என்னவோ சொல்கிறார். வார்த்தை உடைந்து போகிறது. அவ்வளவுதான் பதிவு.

தம்பி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "நான் அழுதிருக்கறேன் போல" என்றார்.

"அழுதிருக்கறே. அன்னைக்கு எனக்குத் தெரியலடா" என்றார் அக்கா.

இதைப் பலரும் கேட்பார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று சொன்னேன். அக்கா, "இவனைக் கேளு" என்று தம்பியைக் காட்டினார்.

"போடட்டுங்க. எதுத்து நின்னவனுக்கும் வயிறு இருந்துச்சுன்னு தெரியட்டும்" என்றார் அவர். கை கழுவிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு அக்கா மறுபடியும் முதலிலிருந்து வைக்கச் சொன்னார். அன்று கடவில் நான் முன்கூட்டியே பொத்தானை அமுக்கியிருந்தேன். பேச்சு தொடங்கும்வரை தண்ணீர் மட்டும்தான் ஓடும். அக்கா குனிந்து போன் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டார்.

"கல்லு மேல வுழுகுற எடம் கேக்குதா?"

"கேக்குதுங்கக்கா."

"இப்ப எப்படி இருக்குது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கோரையா கெடக்குதுங்க. மழை பேஞ்சா கொஞ்ச நாள் ஓடும்."

"அப்ப ஒருக்கா வர்றேன் கண்ணு. அந்தக் கல்லு மேலயே உக்காந்து சாப்படலாம்."

பதிவு இப்போது இணையத்தில் இருக்கிறது. பெயர் போடவில்லை. ஓர் அக்கா, ஒரு தம்பி என்று மட்டும் மலையாளத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன். யார் யாரோ கேட்கிறார்கள் என்று ஆசிரியை சந்தோஷமாகச் சொல்கிறார்.

இந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் வந்தது. உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். தம்பி மனைவிக்குக் காய்ச்சல், விட்டுவிட்டு வரமுடியாது என்றார். அங்கே மூன்று நாளாகச் சாரல் என்றார், துணி காயவில்லை என்றார்.

அன்று மத்தியானம் நான் மட்டும் கடவுக்குப் போனேன். தண்ணீர் நன்றாகத்தான் ஓடியது. பேச ஆளில்லாமல் சீக்கிரமே எழுந்து வந்துவிட்டேன்.