சிவப்புத் தொப்பிக்காரரின் கைகள்

பெர்ரின் ஊரில் மெர்ல் டோஸ்ட்ரூடைத் திட்டாத ஆள் கிடையாது. இத்தனைக்கும் அவர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. வாரம் முழுவதும் டிராக்டர் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் நிற்பார். அறுவடை மும்முரத்தில் பெல்ட் அறுந்துபோய் அலறிக்கொண்டு வருகிற கோதுமைக்காரர்களிடம் பதமாகப் பேசி, வேண்டிய சாமானைத் தேடி எடுத்துக் கொடுப்பார். அதே கோதுமைக்காரர்கள்தான் சனிக்கிழமை வந்துவிட்டால் பல்கலைக்கழக மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்த்து ஊளையிடுவார்கள். எல்லாம் அவர் தலையில் இருந்த சிவப்புத் தொப்பியால் வந்த வினை.

பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளை ஆள் முட்டித் தள்ளுகிற அந்த ஆட்டத்தை டிவிக்காரர்கள் காட்டத் தொடங்கியதிலிருந்தே, விளம்பரம் ஓடும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் ஊரில் அந்த ஆள் மெர்ல். நடுவர் கண்ணில் படச் சிவப்புத் தொப்பியும் காதில் கருவியும் மாட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்பார். வெளியே நிற்கும் டிவி லாரியிலிருந்து குரல் வரும். உடனே இரண்டடி உள்ளே போய்க் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொள்வார். கை கட்டியிருக்கும்வரை ஆட்டம் கிடையாது. மெத்தப் படித்த நடுவர்கூட அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். லாரியிலிருந்து உத்தரவு வந்ததும் கைகளை இறக்குவார், விசில் ஊதும், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் முட்டிக்கொள்வார்கள். பனி கொட்டுகிற நவம்பரில் உதடு விறைத்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு, கட்டிய அந்தக் கைகளைக் கண்டால் பற்றிக்கொண்டு வராதா?

கோட்டோரத்தில் அவருக்குப் பக்கத்திலேயே பந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கிற பத்து கெஜச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கர்ட் ஹேஸ்லிப். ஊரில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர். பள்ளிக்கூட நாளிலிருந்து மெர்லுக்குச் சிநேகிதர்.

"இன்னிக்கு எத்தனை பீர் வித்தடா மெர்லு?" என்று ஒவ்வொரு இடைவேளைக்கும் கேட்பார் கர்ட். ஓடுவதில் பாதி பீர் விளம்பரம்.

"நான் விக்கலேன்னா உன் சங்கிலிக்கு எண்ணெய் போடக்கூட இங்க காசு இருக்காது. வாயை மூடிக்கிட்டு நில்லு."

மெர்ல் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினார். டிவி பணம் வந்த பிறகுதான் மைதானத்துக்கு வெளிச்சம் வந்தது, ஓட்டப்பந்தயத் தடத்துக்கு ரப்பர் தரை வந்தது, மலைச்சரிவில் கண்ணாடிச் சுவர் வைத்த நீச்சல்குளம் வந்தது. ஊரார் டிவியைத் திட்டும்போதெல்லாம், சாப்பாட்டுக் கடையானாலும் சர்ச் வாசலானாலும், அவர் மல்லுக்கு நிற்பார். இந்த விளம்பரம்தான் சாமி நம்ம பொண்ணுங்களை நீந்த வைக்குது என்பார்.

நம்ம பொண்ணுங்கள் என்று அவர் சொன்னதில் ஒருத்தி அவருடைய சொந்தப் பெண். பிரிட்டா நடக்கப் பழகுமுன்பே தண்ணீரில் இறங்கியவள் என்று அவர் மனைவி ஜானெல் சொல்வாள். பள்ளிக்கூடம் முடித்த வருடம் மூன்று கல்லூரிகள் அவளைக் கூப்பிட்டன. தெற்கே ஒரு கல்லூரியில் வெயில் உண்டு, பேர்பெற்ற பயிற்சியாளர் உண்டு. பிரிட்டாவுக்கு அதன்மேல்தான் கண். மெர்ல்தான் தடுத்தார்.

"சின்னக் காலேஜை நம்பிப் போகாதம்மா. காசு முடைன்னு வந்தா மொதல்ல குளத்தைத்தான் மூடுவாங்க. இங்க பெரிய லீக்ல இருக்கோம். டிவிக்காரன் இருக்கிற வரைக்கும் உன் குளத்துக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன் பாரு."

அப்பா அடித்துச் சொன்னால் பிள்ளை நம்பத்தானே செய்யும்? பிரிட்டா பெர்ரினிலேயே சேர்ந்தாள். சனிக்கிழமை அவர் கை கட்டி நிற்கும்போது அரங்கமே ஊளையிடும். மாணவர் வரிசையிலிருந்து அவள் கூட்டம் மட்டும் எழுந்து, அவரைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அதைப் பார்த்தால் அவருக்குக் குளிர் தெரியாது.

அவளுடைய மூன்றாம் வருட ஆகஸ்டில் இடி விழுந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துக் கடற்கரைப் பல்கலைக்கழகம், எங்கள் தாத்தன் காலத்திலிருந்து நவம்பர் கடைசிச் சனிக்கிழமை எங்களோடு மோதுகிற ஜென்ம விரோதி, இந்தப் பருவத்தோடு லீக்கை விட்டுக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டது. கண்டத்தின் மறுகோடியில் இருக்கிற லீக்கில் டிவிக்காரர்கள் கூடக் கொட்டிக் கொடுக்கிறார்களாம். இனிமேல் அவர்கள் பிள்ளைகள் ஒரு சாதாரண வாலிபால் ஆட்டத்துக்கு விமானமேறிப் பாதி நாட்டைத் தாண்டிப் போக வேண்டும். அதைப்பற்றி யாருக்கு என்ன கவலை? அவர்களைப் பார்த்து இன்னொன்று போயிற்று, பிறகு இரண்டு சேர்ந்து போயின. கடைசியில் லீக் என்று மிஞ்சியது நாங்களும் எங்களைப் போலவே யாரும் கூப்பிடாத இன்னொரு கல்லூரியும்தான். கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற எங்கள் ஊரில் டிவி பெட்டிகள் குறைச்சலாம். எங்களைக் கைகழுவிவிட அது ஒன்றே போதுமாக இருந்தது.

அக்டோபரில் நீச்சல் குழுவை வகுப்பறை ஒன்றுக்கு அழைத்தார்கள். டிவி பணம் இனி வராது, குழு இந்த வருடத்தோடு சரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரிட்டா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். அழவில்லை. மெர்ல் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"வேற எடம் கிடைக்கும்மா. உன் வேகத்துக்கு யார் வேண்டாம்பாங்க?"

"நாடு பூரா குளத்தை மூடுறாங்கப்பா. எல்லாரும் இருக்கிற நாலு எடத்துக்குத்தான் அடிச்சுக்கிறாங்க. கேட்டுப் பாத்துட்டேன்."

அப்போதாவது, நீங்கதானே இங்க சேரச் சொன்னீங்க என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு அதுவே பாரமாகிவிட்டது. பல்கலைக்கழகம் ஒரே ஒரு தயவு காட்டியது. கடற்கரைக்காரர்களோடு கடைசி ஆட்டத்தில், மூன்றாம் பகுதியின் நீண்ட இடைவேளையில், நீச்சல் பெண்களை மைதானத்துக்கு அழைத்து ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லி வழியனுப்புவார்கள். டிவியில் காட்டமாட்டார்கள். நாடு முழுவதும் அந்நேரம் டிரக் விளம்பரம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அரங்கம் பார்க்கும்.

"உங்க இடைவேளையிலதாம்ப்பா. நீங்க கை கட்டியிருக்கிறப்பதான் நாங்க நடந்து வரணும்" என்றாள் பிரிட்டா. அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு தெரிந்தது. மெர்ல் அந்த வாரம் சிவப்புத் தொப்பியைத் துவைத்து, கணப்புக்குப் பக்கத்தில் காயவைத்தார்.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே பனி. நாங்கள் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தோம். அதோடு ஆட்டமும் இழுத்துக்கொண்டே போயிற்று. அடுத்து எங்கேயோ பெரிய ஊர்களின் ஆட்டத்தைக் காட்ட வேண்டுமென்று லாரிக்குள் ஒரே பரபரப்பு. மூன்றாம் பகுதியில் குரல் வந்தது. மெர்ல் உள்ளே போய்க் கைகளைக் கட்டினார்.

எதிர்ப்பக்கக் கோட்டில் பெண்கள் நீலச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். ஒலிபெருக்கியில் பேர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஒரு பேர், கைதட்டல், ஒருத்தி நடுமைதானத்துக்கு நடப்பாள். பிறகு அடுத்த பேர். அன்று ஊளையே இல்லை. எங்கள் ஜனம் ஒன்றும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். குடும்பப் பேரின் ஆங்கில எழுத்து வரிசைப்படி வாசித்தார்கள். டோஸ்ட்ரூட் கடைசி. ஒவ்வொருத்தியாக நடந்து போகப் போக பிரிட்டாவின் பக்கம் காலியாகிக்கொண்டே வந்தது. அவள் நேரே அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"பாஸ், கடைசி விளம்பரத்தைத் தூக்கிட்டோம். திரும்ப வர்றோம். கையை எறக்குங்க" என்றது காதில் இருந்த குரல்.

கைகள் இறங்கிவிட்டன. மெர்ல் இறக்கினார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவருடைய கைகள்தான், வேறு யாருடையவை? விசில் ஊதியது. தடியன்கள் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்தார்கள். சிப்பந்தி ஒருவன் பெண்களைக் கையை ஆட்டி ஆட்டி ஓரத்துக்கு விரட்டினான். ஒலிபெருக்கி ஒரு கணம் தடுமாறி, பந்து எந்தக் கோட்டில் இருக்கிறது என்று சொன்னது. எதிரே பிரிட்டா கட்டிய கைகளோடு அப்படியே நின்றாள். அவள் பேரை யாரும் சொல்லவே இல்லை.

"பிரமாதம் பாஸ், கரெக்டா எறக்கினீங்க" என்றது காது.

கர்ட் சங்கிலிக் கம்பைப் பனியில் ஊன்றிவிட்டு அவரையே பார்த்தார்.  ஆட்டம் முடிந்து கிளம்பும்போதுதான் கேட்டார்.

"ஒரே ஒரு பேருடா. கொஞ்ச நேரம் புடிச்சிருந்தா உன்னையென்ன தூக்குலயா போட்டிருப்பாங்க?"

போட்டிருக்க மாட்டார்கள். லாரிக்காரன் கத்தியிருப்பான், டிவியில் ஆட்டத்தில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். அது மெர்லுக்கும் தெரியும். எத்தனை வருடம் எத்தனை ஆயிரம் பேரை அவர் பனியில் காக்க வைத்தார்! தன் பெண்ணுக்காக ஒரு மூச்சு நேரம் காக்க வைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அதையே மென்றுகொண்டிருந்தார். கடையில் தப்புத் தப்பாகச் சாமான் எடுத்துக் கொடுத்தார். ஜானெல் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டாள்.

பிரிட்டா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். வசந்தத்தில் குளத்தின் தண்ணீரை வடித்து மூடினார்கள். அவள் தன் சித்தி இருக்கிற நகரத்துக் கல்லூரிக்கு மாற்றிக்கொண்டு போனாள். அங்கே குளம் கிடையாது. அவளும் கேட்கவில்லை.

செப்டம்பரில் புது லீக் தொடங்கியது. பேர் தெரியாத சின்னக் கல்லூரிகள். டிவி லாரி வருவதில்லை. கம்பத்தின்மேல் ஒரு கேமராவைக் கட்டி இன்டர்நெட்டில் காட்டுகிறார்கள். சிவப்புத் தொப்பி வேண்டியதில்லை என்று தொலைபேசியில் மரியாதையாகச் சொன்னார்கள். முதல் ஆட்டத்துக்கு மெர்ல் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் ஜனங்களோடு ஜனமாக உட்கார்ந்தார். வார இறுதிக்கு வந்திருந்த பிரிட்டாவும் கூட வந்தாள். அரங்கம் பாதிக்கு மேல் காலி. விளம்பரத்துக்கென்று எங்கும் நிற்காமல் ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது.

"அன்னிக்கு லாரியிலேர்ந்து சொன்னாங்கம்மா" என்றார் மெர்ல், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்ப்பா."

"நான் புடிச்சிருக்கணும்."

பிரிட்டா மைதானத்திலிருந்து கண்ணை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள். "மத்தவங்க பேரு வாசிச்சதே எனக்குக் கேக்கலைப்பா. உங்க கையைத்தான் பாத்துட்டிருந்தேன். அப்பா புடிச்சுக்குவாருன்னு இருந்தேன். யோசிச்சுட்டு எறக்கியிருந்தீங்கன்னா எனக்குப் பரவாயில்லை. நீங்க யோசிக்கவே இல்லையேப்பா."

குரலில் சூடே இல்லை.  இவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று மெர்ல் வாயைத் திறந்தார். அதற்குள் பந்து கைமாறி, முன்வரிசை எழுந்து கத்தியது. ஆட்டம் எங்கேயாவது ஒரு நிமிடம் நிற்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். கடைசி விசில் வரைக்கும் அது நிற்கவில்லை.