கழுத்துக் கருப்பு

வள்ளியாத்தாள் கை பட்டுப் போகாத கறை கிடையாது. நெருப்பெரிச்சல் ஊரிலிருந்த பனியன் கம்பெனியில் எண்ணெயோ துருவோ பட்ட துணியெல்லாம் அவளிடம்தான் வரும். கறை போக்கும் மருந்தைப் பீய்ச்சித் தேய்த்துப் புதுசாக்கிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவளின் மகள் கழுத்திலேயே கறை. நதியா ஒன்பதாவது படித்தாள். அவள் பின்கழுத்து மடிப்பெல்லாம் கருத்துக் கிடந்தது. ஞாயிறுதோறும் பயத்தமாவு, எலுமிச்சை, பீர்க்கங்காய் நார் என்று தாய் தேய்த்துப் பார்த்தாள். "ஒழுங்காத் தண்ணி வாத்துக்கறதில்ல, அழுக்கு மூட்டை!" என்று திட்டியும் பார்த்தாள். கருப்பு அசையவில்லை.

மகள் பெருத்துக்கொண்டே போனதில் அவளுக்குப் பெருமைதான். பிள்ளை இளைத்திருந்தால் சோறு போடுகிறாயா என்று ஊர் கேட்கும். பெருத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? காலம் கெட்டுக் கிடக்கிறதென்று, பள்ளி விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்க்கச் சொல்லியிருந்தாள். கம்பெனியில் டீயோடு தரும் பப்ஸைத் தான் தின்னாமல் மகளுக்குக் கொண்டுவருவாள். ஓவர்டைம் இருந்தால் இரண்டு பப்ஸ். சமைக்க நேரமிருக்காது, ராத்திரிக்குப் புரோட்டா. 2007இல் ஓவர்டைம் இல்லாத நாளே குறைவு.

தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பெனி மருந்தைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து மகளின் கழுத்தில் தேய்த்தாள். நதியா போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் திரண்டுவிட்டது.

தோல் வெந்து கொப்புளம் கண்டதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா கொப்புளத்துக்கு மருந்து போட்டார். கருப்பைப் பார்த்துவிட்டு எடை போட்டார், ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் வேலை முடிந்து மகளோடு ரிசல்ட் கேட்கப் போனபோது, "வீட்டுல யாருக்காவது சர்க்கரை இருக்கா?" என்றார்.

"இவிங்கப்பனுக்கு இருக்குதுங்க, பெரியப்பனுக்குமுங்க. அதுக்கும் கழுத்துக்கும் என்னங்க?"

"இது அழுக்கில்லம்மா. உடம்பு பெருத்து, சர்க்கரை வரப்போகுதுன்னு காட்டுற அடையாளம். தேய்ச்சாப் போகாது. எண்ணெய்ப் பண்டத்தை விட்டுட்டு தினம் வெளியில ஓடியாடி விளையாடட்டும். இப்படியே விட்டா, அப்பாவுக்கு வந்தது சின்ன வயசுலயே இவளுக்கு வந்துடும்."

புருஷன் காலில் சர்க்கரையால் ஆறாத புண்ணுக்குத் தினமும் கட்டுப் போடுகிறவள் வள்ளியாத்தாள்தான்.

திரும்பும் வழியில் புரோட்டாக் கடைக்காரர் வழக்கம்போல் பார்சலுக்கு இலையை எடுத்தார். "இன்னிக்கு வேண்டாமுங்க" என்று தாண்டி வந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் நதியா மெல்லக் கேட்டாள்: "அப்ப நா அழுக்கு மூட்டை இல்லியாம்மா?"

"இல்ல சாமி" என்று அங்கேயே நின்று அழுதாள் வள்ளியாத்தாள்.

பஸ் வந்தது. அவள் ஏறாமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தே போனாள்.