திருநெல்வேலி வழி வந்த நூல்

பாறசாலையில் அப்போது ரயில் கிடையாது. கிட்டத்து ஸ்டேஷன் திருவனந்தபுரம். பஸ் மனது வைத்தால் ஒன்றரை மணி நேரம். ஆனால் சந்தைமுக்கில் ஒரு லாரி ஆபீஸின் முன்னறையில் உட்கார்ந்திருந்த ராஜதாஸிடம் போய், மதுரையில் ஏற்றிய சரக்கு இன்று எங்கே கிடக்கும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விருதுநகரில் ஒரு நாள், தென்காசியில் அரை நாள், மலையடிவாரத்து ஜங்ஷனில் கர்த்தர் நினைத்த நாள் வரை. இருபத்தெட்டு வருஷமாக அதுதான் அவருக்குத் தொழில். வியாபாரிகளின் ரயில்வே ரசீதை வாங்கி வைப்பார், திருவனந்தபுரம் கூட்ஸ் ஷெட்டில் சரக்கை எடுத்து லாரியில் ஏற்றுவார், வழி தவறிய பெட்டிகளுக்குக் கார்டு போட்டுத் தேடுவார். கூட்ஸ் ஷெட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்ததோடு சரி, அவர் ரயிலில் ஏறியதே இல்லை. கல்யாணமே கட்டாத கல்யாணத் தரகனைப் போல என்று ஊரில் கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு முழங்காலிலும் நீர் கோத்த பிறகு, கோபம் ஒரு தேவையில்லாத நடை.

ஆபீஸ் வேலை போக, மாவுவிளை நெசவாளர் சங்கத்துக்கும் அவர்தான் எழுத்துக்காரர். சம்பளம் இல்லாத வேலை. மனைவி செல்லபாயின் ஆட்கள் எல்லாரும் தறிக்காரர்கள் என்பதால் தலையில் விழுந்தது. சங்கத்தில் நாற்பது தறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து நூல் வரும். அது வந்தால் நாற்பது வீட்டில் அடுப்பு எரியும். ஓணத்துக்கு முன்னால் வரும் நூல்தான் முக்கியம். வருஷத்தில் துணி தானாக விற்பது அந்த ஒரு பத்து நாள்தான்.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஓணத்து நூலுக்கு எழுதும்போது சங்கத் தலைவர் பொன்னையன் பக்கத்தில் வந்து நின்றார். பொன்னையன் துணிக்கடைக்காரர். திருவனந்தபுரத்து ஆட்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டத்துக்கும் அந்த வட்டாரத்தில் அவர்தான் தலைவர். எந்தக் கூட்டத்திலும் அவர் கையெழுத்துக்குப் பிறகுதான் மற்றவர்கள் பேனாவைத் திறப்பார்கள்.

"வழி என்னதுலே எழுதியிருக்கே?" என்றார்.

"திருவனந்தபுரம் வழி. எப்பவும் உள்ளதுதானே அண்ணே."

"எலே ராஜதாஸே! ரோட்டில நின்னு திருவனந்தபுரம் வேண்டாம், வேண்டாம்னு தொண்டை கிழிய விளிச்சிட்டு, நமக்க நூலு மட்டும் அங்ஙன போய் இறங்கவா? நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் மூஞ்சிய எங்ஙன கொண்டு வைப்பேன்? திருநெல்வேலி வழின்னு எழுது."

"திருநெல்வேலியில இறக்கினா பின்ன லாரியாக்கும். ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம்... எழுபது மைலு உண்டு. அந்த ரோட்டிலதானே நீங்க மறியல் வைக்கப் போறிய?"

"நம்ம மறியலு நம்ம லாரிய மறிக்குமாலே?"

"மறியலுக்கு லாரிக்க மொகம் தெரியாதுல்லா."

பொன்னையன் சிரித்தார், ஆனால் நகரவில்லை. ராஜதாஸுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. சென்னையோடு சேர வேண்டும் என்பதில் அவருக்கும் ஆசைதான். ஊர்வலத்தில் முழங்கால் விட்ட மட்டும் நடந்தவர்தான். ஆனால் சரக்கின் குணம் பார்த்து, மழை பார்த்து, பாதை பார்த்து வழி எழுதிய கை அது. கட்சி பார்த்து எழுதியதில்லை. இன்னும் பத்து நிமிஷம் வாதாடியிருந்தால் பொன்னையன் இறங்கிவந்திருப்பார். அந்தப் பத்து நிமிஷம் நிற்க ராஜதாஸுக்குத் தெம்பில்லை. திருவனந்தபுரத்தை அடித்துவிட்டுத் திருநெல்வேலி என்று எழுதினார். அப்போது மணி நாலு. டீ குடிக்கப் போகிற நேரம்.

நூல் திருநெல்வேலியில் வந்து இறங்கவேண்டிய வாரம்தான் போராட்டம் முற்றியது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் நின்றது. மார்த்தாண்டம் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள் என்று செய்தி வந்த அன்று, சந்தையில் மீன்காரிகள்கூடச் சத்தம் போடாமல் விற்றார்கள். மறுநாள் பொன்னையனைப் போலீஸ் கொண்டுபோனது. வண்டியில் ஏறும் முன் அவர் ராஜதாஸின் கையில் ஆறு வெள்ளைத் தாளைத் திணித்தார். மேலே 'தமிழ்த் தாலுகாக்களைத் தாயோடு சேர்!' என்று அச்சடித்திருந்தது; கீழே பொன்னையனின் கையெழுத்து. நடுவில் ஒன்றும் இல்லை.

"டெல்லிக்கு வல்லதும் எழுதணும்னா எழுதிக்கிடு. நான் வெளிய வாறது எப்பம்னு தெரியாது," என்றார்.

எந்த லாரிக்காரனும் ஆரல்வாய்மொழிப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டேன் என்றான். ராஜதாஸ் திருநெல்வேலிக்குத் தந்தி அடித்து, நூலை இறக்காமல் அது வந்த ரயில் பெட்டியையே தென்காசி, மலைப்பாதை, கொல்லம் வழியாகத் திருவனந்தபுரத்துக்குத் திருப்பிவிடச் சொன்னார். வந்த சரக்கு சுற்றிப் போய், வேண்டாம் என்று அடித்த ஊருக்கே போக வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள் பெட்டி மலையடிவாரத்து ஜங்ஷனில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான்.

காலையில் தறிக்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து குந்துவார்கள்.

"எழுத்துக்காரரே, பெட்டி எங்க?"

"மலையடிவாரத்தில."

"நேத்தும் அதாக்கும் சொன்னீரு."

"நேத்தும் அங்கதான் நின்னுது."

இப்படி எட்டு நாள். தினமும் வரும் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. முதலில் அவர் நிம்மதிப்பட்டார். பிறகுதான் காரணம் தெரிந்தது. அம்பூரியில் ரப்பர் வெட்ட ஆள் எடுக்கிறார்கள். நாற்பது பேரில் பத்து பேர் போய்விட்டார்கள். செல்லபாயின் தம்பி ரெத்தினதாஸ், வேட்டிக்குக் கரை வைப்பதில் அவனுக்கு மிஞ்சிய கை மாவுவிளையில் இல்லை, அவனும் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் செல்லபாய் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கேட்டியளா. ஓணத்துக்கு இனி இருபது நாளு தெகையாது. நீங்க காயிதத்தில பெட்டி தள்ளினது போதும். நேரா போய்த் தள்ளுங்க."

"எனக்க காலு..."

"காலு ரயிலுக்கில்லா? நீங்க இருந்தாப் போதும்."

கஞ்சியைக் குடித்துவிட்டு அவர் புறப்பட்டார்.

அப்படித்தான் ராஜதாஸ் முதன்முதலாக ரயில் ஏறினார். வர்க்கலை, பரவூர், கொல்லம், குண்டறை, புனலூர் என்று ஸ்டேஷன்கள் அவர் மனப்பாடத்தில் இருந்த வரிசை பிசகாமல் வந்தன. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மலைக்குள் ரயில் குகையில் நுழைந்து பட்டப்பகலில் இருட்டானபோது மட்டும் எதிர் சீட்டுக் கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டார். குகையைப் பற்றி எந்த ரயில்வே ரசீதிலும் எழுதியிருக்கவில்லை.

மலையடிவாரத்து ஜங்ஷனைப் பார்த்ததும் அவருக்கு ஒரு விதத்தில் ஆறுதல். இந்தக் கோலத்தில் இருக்கும் என்று கார்டு எழுதும்போது தெரிந்திருந்தால் இத்தனை கார்டு எழுதியிருக்க மாட்டார். ஐந்து லைனிலும் பெட்டியோடு பெட்டி முட்டிக்கொண்டு நின்றது. சமவெளியில் நாற்பது பெட்டி இழுத்து வரும் ரயிலை இங்கே துண்டு துண்டாக வெட்டித்தான் மலையேற்ற வேண்டும். வருவது நாற்பது நாற்பதாக, போவது பன்னிரண்டு பன்னிரண்டாக.

ரயில் யார்டின் பொறுப்பில் இருந்தவர் தாணுமாலயன் என்ற வயதானவர், சுசீந்திரம் பக்கத்துக்காரர். மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை என்று அவருடைய சட்டை சொன்னது. ராஜதாஸ் பெட்டி நம்பரைச் சொன்னதும் புத்தகத்தைப் பார்க்காமலே பதில் வந்தது.

"அஞ்சாவது லைன். முன்ன பதினாலு பெட்டி, பின்ன ஒம்பது. மலை எஞ்சின் ஒரு நாளைக்கு ரெண்டு நடை போவும். இதுபோல இன்னும் நாலு லைன் உண்டு. கணக்கு நீரே போடும்."

"இவ்வளவு எப்பிடிய்யா கூடிச்சு?"

"ஒரே வாரத்தில எல்லாவனும் தந்தி அடிச்சான். திருநெல்வேலி வேண்டாம், திருவனந்தபுரத்துக்குத் திருப்பி விடுன்னு. உம்மளப்போல."

ராஜதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தந்தியைத் தனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று அவர் நினைத்திருந்தார். களியக்காவிளையிலும் நெய்யாற்றின்கரையிலும் தன்னைப் போல ஒவ்வொரு எழுத்துக்காரன் அதே மணிக்கு அதையே யோசித்திருக்கிறான். எல்லாரும் ஒன்றாகப் புத்திசாலி ஆகிவிட்டால் ஒரு யார்டு தாங்காது.

"பெட்டி நிக்கட்டும். நூல மட்டும் இறக்கிக்கிடுதேன். திருவனந்தபுரத்தில இருந்து லாரி வருது," என்றார்.

"லைனில வச்சு இறக்க விதியில்லை. சரக்கு யாருக்கோ அவரு, இஞ்சயே எடுத்துக்கிடுதேன், பின்ன கேஸும் வழக்கும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா நான் மேல கேட்டுப் பாக்கலாம்."

"அவரு செயில்ல இருக்காரு."

"என்ன குத்தம்?"

"திருவனந்தபுரம் வேண்டாம்னு சொன்னாரு."

தாணுமாலயன் அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

ராஜதாஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பையில் அந்த ஆறு தாளும் இருந்தன. இருபத்தெட்டு வருஷத்தில் அடுத்தவன் கையெழுத்துக்கு மேல் அவர் ஒரு புள்ளி வைத்ததில்லை. டெல்லிக்கு எழுதத்தான் பொன்னையன் கொடுத்தார், நூலுக்கு அல்ல. ஆனால் டெல்லிக்கு எழுதினால் பதில் வருமா என்று தெரியாது. இதற்குத் தாணுமாலயன் பதில் சொல்வார். கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார். 'மேற்படி இருபத்துநாலு பேல் நூலை இங்கேயே இறக்கி, இதைக் கொண்டுவரும் ராஜதாஸ் வசம் ஒப்படைக்கவும். பின்னால் எந்த உரிமையும் கோரமாட்டேன்.' எழுத்து அழகாகத்தான் வந்தது. வெட்கமாக இருந்தது.

தாணுமாலயன் தாளை மேலிருந்து கீழாக வாசித்தார்.

"என்னவே இது? தலைப்பில சேருங்கோ சேருங்கோங்கீரு. அடியில பிரிச்சுத் தா, பிரிச்சுத் தாங்கீரு. மேல உள்ள ஆபீசரு இதில எதுக்கு உத்தரவு போடணும்?"

"அடியில உள்ளதுக்குப் போட்டாப் போதும். மேல உள்ளதுக்கு அவங்களால ஏலாது."

தாணுமாலயன் தலைப்பைப் பின்பக்கமாக மடித்து, மேலே குண்டூசி குத்தினார். "எனக்க ரெண்டு மருமக்களும் உள்ளதான் கிடக்கானுவ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எந்த உள்ளே என்று ராஜதாஸ் கேட்கவில்லை. மத்தியானம் உத்தரவு வந்தது.

ஒரு பேல் கட்டைத் தூக்க நாலு ஆள். நாலு லைனில் நின்ற பெட்டிகளுக்கு அடியில் குனிந்து, சில இடத்தில் தவழ்ந்து, இருபத்துநாலு பேலையும் ரோட்டுக்குக் கொண்டுவரச் சாயங்காலமாகிவிட்டது. லாரி டிரைவர் சோமன் மலையாளி. போராட்டத்தைப் பற்றி அவனுடைய ஒரே கருத்து, டீசல் விலை ஏறும் என்பது.

"ராஜதாஸ் சாரே, கேறிக்கோ. நெடுமங்காடு வழி போகாம். பெரிய ரோட்டில் போலீஸாணு."

குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு, காட்டாக்கடை என்று லாரி மலையோரமாகவே இறங்கியது. கள்ளிக்காட்டிலும் பெருங்கடவிளையிலும் யாரும் எதையும் மறிக்கவில்லை. மறிக்கிற அளவுக்கு அந்த ரோட்டில் எதுவும் போவதில்லை. ராஜதாஸ் மூன்று தடவை தூங்கி, மூன்று தடவையும் கதவில் இடித்து விழித்தார். மாவுவிளையில் நூல் இறங்கியபோது ஓணத்துக்குப் பதிமூன்று நாள் இருந்தது.

பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறியில் ஏற்ற மூன்று நாள். நாலாம் நாள் இருபத்தாறு தறி ஓடியது. மீதிப் பதினாலு தறிக்கு நூல் இருந்தது, ஆள் இல்லை; அதற்குள் இன்னும் நாலு பேர் போயிருந்தார்கள். அம்பூரிக்குச் சொல்லி விட்டார்கள். தினக்கூலி கையில் கிடைக்கிறது, ஓணம் கழிந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது. பெட்டி திருவனந்தபுரம் வழி நேராக வந்திருந்தால் அவர்கள் போயிருக்க மாட்டார்கள். இதை யாரும் ராஜதாஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பார்.

ஆள் இல்லாத வீடுகளுக்குக் கொடுத்த நூலைத் திரும்ப எடுக்க அவரே போனார். ரெத்தினதாஸின் வீட்டில் அவன் மனைவி ராஜபாய் வாசலை மறித்து நின்றாள்.

"நூலு எங்க போவுது அண்ணே?"

"ரெத்தினம் இல்லாம இஞ்ச இதுக்கு என்ன வேலை? ஓடுத தறிக்குக் குடுக்கணும்."

"நான் இருக்கியேன்."

"நீ தாருக்கு நூலு சுத்துவே. தறியில எப்பிடி இருப்பே?"

"அவரு பீடி வலிக்கப் போன நேரமெல்லாம் யாரு நெய்தான்னு நினைச்சிய? கரை முழுக்க எனக்க கையாக்கும்."

"சங்கத்தில பெண்ணுக்குப் பேரில்லையே பிள்ளே."

"இல்லேன்னு சட்டத்தில உண்டுமா?"

ராஜதாஸ் யோசித்தார். சட்டத்தை எழுதியவரே அவர்தான். நெசவாளி என்றால் ஆண் என்று அதில் எழுதவில்லை; எழுத வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. தலைவர் வெளியே வந்தால் சத்தம் போடுவார். தறிக்காரர்கள் சிரிப்பார்கள். நூலைத் தூக்கிக்கொண்டு அந்த மேட்டிலிருந்து இறங்க முழங்காலும் சம்மதிக்கவில்லை.

"ஓணத்துக்கு ஒம்பது நாளாக்கும் உண்டு," என்றார்.

"நின்னு பேசுத நேரத்தில அதிலயும் ஒரு முழம் போச்சு," என்று சொல்லிவிட்டு ராஜபாய் குழித்தறியில் இறங்கினாள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து வீட்டிலிருந்து பெண்கள் வந்து கேட்டார்கள். ராஜதாஸ் ஆறு பேரின் பெயரையும் புத்தகத்தில் ஏற்றினார். மற்ற எட்டுத் தறியும் சும்மாதான் கிடந்தன.

ராஜபாயின் முதல் முண்டு அகலத்தில் இரண்டு விரல் குறைந்திருந்தது. ஓணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று பாறசாலைச் சந்தையில் அதைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்கள். கரை அவ்வளவு சுத்தம்.