ஒரே மூச்சில் குடித்த பீப்பாப் பியர்

பிள்ளைகளே, உங்கள் மாமா கனடாவிலிருந்து ஒரு கறுப்புப் பியர்ப் போத்தலை உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். விஸ்கி இருந்த மரப்பீப்பாவில் ஒரு வருடம் ஊறவிட்டதாம். கிளாசில் ஊற்றித் தந்தார். கருகிய பனங்கட்டி வாசம் வந்தது. எனக்கோ பனையோலையில் மடித்த பிளாவில் கள்ளுக் குடித்த பழக்கம். பிளாவைக் கீழே வைத்தால் சரிந்துவிடும்; குடித்து முடித்த பிறகுதான் வாயிலிருந்து எடுப்போம். இதையும் அப்படியே ஒரே மூச்சில் முடித்துவிட்டேன்.

“ஐயோ அத்தான், உது கள்ளே? உறிஞ்சி உறிஞ்சி ருசி பாக்கிற சாமான். மூண்டு பியருக்குச் சமன்!” என்றார் மாமா.

எனக்குத் திக்கென்றது. உங்களில் மூத்தவளைச் சுன்னாகத்து ரியூசன் வகுப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவர வேண்டும். தலை தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வெறி இனிமேல்தான் ஏறுமோ, ஏறியும் எனக்குத்தான் தெரியவில்லையோ? மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தேன், வைத்தேன், திரும்பவும் எடுத்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை றோட்டில் தனியே நிற்பாளே!

கடைசியில் திறப்பை உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முன்வீட்டு அண்ணையின் ஓட்டோவில் போனேன். வகுப்பு வாசலில் அவள் மட்டும் நின்றாள்.

“மோட்டச்சைக்கிள் எங்கையப்பா?”

“அப்பா குடிச்சிட்டன், பிள்ளை. அதுதான் ஓடேல்லை.”

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி, எனக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.

“பயப்பிடாதை பிள்ளை,” என்றார் அண்ணை. “ஓடுறவன் தேத்தண்ணிதான் குடிச்சவன்.”

அவள் சிரித்தாள். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.