அரிக்கமேட்டுக் கரையில் அக்கா நடந்த காலைகள்

எங்கள் அக்கா அரியாங்குப்பத்தை அடுத்த காக்காயந்தோப்பில் பிறந்து, அங்கேயே கண்மூடினார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினெட்டு வயது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தார். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. தம்பிகள் இருவரும் படித்து ஆளானோம். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. பத்து நிமிட நடையில் இருந்த ஆற்றங்கரையை அவர் நின்று பார்த்ததே இல்லை என்பது எங்களுக்கு உறைக்கவும் இல்லை.

ஓய்வு பெற்ற ஆண்டே குடலில் கட்டி என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு அக்கா இணங்கவில்லை. "போதும்டா, வாழ்ந்தாச்சு" என்றார். ஒரு ஞாயிறு காலை அவரை அரிக்கமேட்டுக்கு அழைத்துப்போனேன்.

மாந்தோப்பைத் தாண்டியதும் பழைய பாதிரிமார் கட்டடத்தின் செங்கல் சுவர்கள். ரோமாபுரிச் சரக்கு வந்திறங்கிய துறை இது என்றேன். அக்கா ஒரு செங்கல்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். கீழே நீர் வடிந்த சேற்றில் சின்னஞ்சிறு நண்டுகள் நூற்றுக்கணக்கில் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி இறக்கின. அலையாத்தி மரங்களிலிருந்து கொக்குகள் மொத்தமாக எழுந்தபோது கரையே வெளுத்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கியே பொறந்துட்டு, இத பாக்காமலே போயிருப்பேன்டா."

"வீட்டுக்குப் போலாமாக்கா?"

"இரு." கொக்குகள் திரும்பி வந்து அமர்ந்த பிறகு சொன்னார்: "அந்த டாக்டர்கிட்ட எப்ப வரணும்னு கேளு."

அறுவை சிகிச்சைக்குப் பின் முழுதாக இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. மழை பெய்யாத காலையெல்லாம் அக்கா கரையில் நடந்தார். ரெட்டியார்பாளையத்தில் குடியிருந்த நாங்கள் ஞாயிறுதோறும் வந்து உடன் நடந்தோம்.

அக்காவை எடுத்த அன்று, நாங்கள் அறியாத பலர் வாசலில் நின்றார்கள். படகோட்டி ஒருவர் சொன்னார்: "இருவது வருஷமா அந்தப் பக்கம்தான் போறேன் சார். கரை மண்ணுல மீன்கொத்தி பொந்து வெச்சிருக்கறத உங்கக்காதான் காட்னாங்க."

மருத்துவர்கள், செவிலியர்கள், வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் நன்றி. பெயர்கூடக் கேட்டுவைக்காத ஆற்றங்கரை மனிதர்களே, உங்களைத்தான் கைகூப்பி வணங்குகிறோம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் எங்கள் அக்காவோடு நடந்தவர்கள் நீங்கள்.