சங்கத்துச் செயலாளரின் கையெழுத்து

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் எல்லாம் இருக்கிறது, வெட்கத்தைத் தவிர. பதினொரு வருடங்களாக அதன் செயலாளராக இருக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அகதியாய் வந்து சேர்ந்த இந்த நாட்டில் வருடத்துக்கு ஒருமுறை இராப்போசன விருந்து வைப்போம். கோட்டும் ரையுமாகக் கிழட்டுப் பெடியன்கள் மேடையில் ஏறிப் பள்ளிக்கூடக் கீதம் பாடுவோம். இரண்டாவது அடியிலேயே முக்கால்வாசிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்குப் படிப்பு உதவி. முதல் வருடக் கல்லூரிக் கட்டணத்தைச் சங்கமே கட்டும். அந்த அறிவித்தலை ஆங்கிலத்தில் எழுதி நூலகங்களுக்கு அனுப்புவது என் வேலை. ‘போராலோ அரசியல் குழப்பத்தாலோ படிப்புத் தடைப்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று எழுதுவேன். தமிழ்ப் பிள்ளைகள் என்று எழுத வேண்டுமென்பது எனக்கோ வேறு எவருக்குமோ ஒருநாளும் தோன்றியதில்லை. உலகத்தில் போரும் குழப்பமும் எங்களுக்கு மட்டும்தானே நடந்தது!

போன வருடம் ஓர் ஈரான்காரப் பெண் அதைப் படித்துவிட்டு விண்ணப்பித்தாள்.

நேர்முகம் றிச்மண்ட் ஹில்லில், தலைவர் வீட்டு பேஸ்மென்ரில் நடந்தது. தலைவர் வீடு விற்கிறவர். தன் படத்தைப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் குந்துகிற வாங்கில்களில் ஒட்டி வைத்திருக்கிற பெரிய மனிதர். பொருளாளர் கணக்காளர். மூன்றாவது ஆள் நான். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் லொறிகளை அனுப்புகிறவன்.

முதலில் வந்தவள் பொருளாளரின் தங்கை மகள். மாமன்காரன் எழும்பி வெளியே போக வேண்டும். போகவில்லை. அவள் இங்கே பிறந்து, தன் சொந்தக் காரில் வந்திறங்கிய பிள்ளை. போரால் நீ எப்படிப் பாதிக்கப்பட்டாய் என்று தலைவர் கேட்டார். “Because of the war, அங்கிள், grade eight வரைக்கும் அப்பாவின்ர ஊரைப் பாக்கவே கிடைக்கேல்லை” என்றாள். தலைவர் கண்ணைத் துடைத்தார். சத்தியமாகத் துடைத்தார்.

பிறகு அந்த ஈரான்காரப் பெண் வந்தாள். இருபத்துநாலு வயது. யங் வீதியில் பாரசீக ரொட்டி சுடுகிற ஒரு வெதுப்பகத்தில் வேலை. இரண்டு பஸ் மாறி, கடைசித் தூரத்தை நடந்து வந்திருந்தாள். ஆங்கிலத்தில் மெதுவாக, தெளிவாகப் பேசினாள்.

ஊரில் கட்டடப் பொறியியல் மூன்றாம் வருடம் வரை படித்திருக்கிறாள். தலைத்துணிச் சட்டத்துக்கு எதிராகத் தெருவெல்லாம் குழம்பிய அந்த இலையுதிர்காலத்தில் இவளும் தோழிகளும் தலைத்துணியைக் கழற்றிவிட்டு வளாக முற்றத்தில் நின்றார்கள். வகுப்புக்குப் போக மறுத்தார்கள். அடுத்த வாரம் வாசலில் மாணவர் அட்டையை வைத்தபோது கதவு திறக்கவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதினால் உள்ளே விடுவோம் என்றார்கள். அவள் எழுதவில்லை.

“அதன்பிறகு கணினியில் என் பெயரே இல்லை என்றார்கள். மூன்று வருடம் நான் அங்கே இருக்கவேயில்லையாம்” என்றாள்.

துருக்கி வழியாக இங்கே இருக்கிற அண்ணனிடம் வந்து சேர்ந்தாள். அகதி வழக்கிலும் வென்றுவிட்டாள். பள்ளிக்கூடச் சான்றிதழை மட்டும் பார்த்து ஒரு கல்லூரி இடம் கொடுத்திருந்தது, முதலாம் வருடத்திலிருந்து. இரண்டு கிழமைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பொருளாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். “பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு என்ன ஆதாரம்? பேப்பர் இல்லாமல் யாரும் எதையும் சொல்லலாம்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “நீங்களும் போரிலிருந்து வந்தவர்கள்தானே? நீங்கள் வந்தபோது என்ன பேப்பர் காட்டினீர்கள்?”

பொருளாளர் கண்ணாடியை மறுபடி ஏற்றிக்கொண்டார். பிறகு தலைவர், “That was different” என்றார்.

என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த காலத்தில், இந்தப் பொருளாளரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இங்கே கல்லூரியில் சேரப் போனபோது, ஊரில் படித்ததற்குக் கடிதம் கேட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் எழுதியதுபோல ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, அதிபரின் கையொப்பத்தையும் போட்டுக் கொடுத்தவன் நான். அறையிலேயே என் கையெழுத்துத்தான் வடிவு. இவன் திரும்பி வந்து கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சான், உங்கட அதிபரின்ர கையெழுத்து நல்ல வடிவெண்டு கல்லூரியிலை இருந்த மனுசி சொல்லுறாளடா!” அந்தக் கடிதத்தில் ஏறிப் படித்தவன்தான் இன்றைக்கு ஆதாரம் கேட்கிறான்.

அவள் போனதும் தலைவரின் மனைவி தட்டை எடுக்க வந்தார். “பாவம், ஒரு றோல்ஸ்கூட முழுசாச் சாப்பிடேல்லை. உவளும் எங்களை மாதிரித்தானே ஓடி வந்திருக்கிறாள்?”

“நீர் தேத்தண்ணியைப் பாரும்” என்றார் தலைவர்.

பொருளாளர் தொடங்கினார். “எங்கட சனத்தின்ர காசு. உவையளுக்கு உவையின்ர சனம் இருக்குத்தானே? நல்ல வசதியான ஆக்கள்.”

“பேப்பரும் இல்லை” என்றார் தலைவர்.

“ஓம், அதுதான் முக்கியம்.” பொருளாளர் என் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒரு பயம் வந்து போனதைக் கண்டேன். “மச்சான், நீ என்ன சொல்லுறாய்?”

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். பார்க்டேல் என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவன் அடங்கியிருப்பான். ஆனால் சொன்னால் என் கள்ளக் கையொப்பமும் வெளியே வரும். அடுத்த விருந்தில் மேடையில் எனக்குக் கதிரை இருக்காது. இந்த இரண்டுக்கும் பயந்து, “நீங்கள் சொல்லுறபடி செய்வம்” என்றேன். தங்கை மகளுக்கு மூன்று கைகளும் உயர்ந்தன. என் கைதான் கடைசியாக உயர்ந்தது என்று பிறகு பல நாள் எனக்கே பீற்றிக்கொண்டேன்.

“அறிவித்தலிலை இனிமேல் தமிழ்ப் பிள்ளையள் எண்டு போடு. உந்தக் கரைச்சலே வேண்டாம்” என்றார் தலைவர். “அந்தப் பிள்ளைக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடு. ரைப் பண்ணாதை, கையாலை எழுது. மரியாதையா இருக்கும்.”

ஆங்கிலத்தில் எழுதினேன். தேவையான ஆவணங்கள் இல்லாத காரணத்தால் உங்கள் விண்ணப்பத்தை ஏற்க முடியாமைக்கு வருந்துகிறோம். கீழே என் சொந்தப் பெயரில் கையொப்பம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லூரிகள் எல்லாம் தொடங்கிவிட்டிருந்தன, காலை பத்து மணிக்கு, வகுப்பு நடக்கிற நேரத்தில், அந்த வெதுப்பகத்துக்குப் போனேன். அவள் அங்கே இருக்கக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டுதான் போனேன். ஏப்ரனோடு நின்றாள். என்னை அடையாளம் கண்டு, நீளமான ரொட்டியை மடித்துத் தாளில் சுற்றித் தந்தாள்.

“உங்கள் கடிதம் கிடைத்தது, அங்கிள். எவ்வளவு அழகான கையெழுத்து!” என்றாள். கேலி இல்லை. மனதாரத்தான் சொன்னாள்.

ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தூ, நானும் ஒரு செயலாளர்.