திங்கட்கிழமைக் குழம்பு

எங்கள் வீட்டு அலுமினியக் குண்டாவின் விளிம்பில் ஓர் ஒடுக்கு உண்டு. அந்த இடத்தில் மூடி சரியாக உட்காராது. குழம்பு கொதிக்கும்போது ஆவி அந்த ஒரு பக்கமாகத்தான் வெளியே வரும். சின்ன வயதில், மார்கழிக் குளிரில், ஓட்டுச் சந்து வழியாகப் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருக்க, நான் அந்த ஆவிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அந்தக் குண்டாவிலிருந்த கோழித் தீவனத்தைக் கொட்டிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தேன். ஒடுக்கு அப்படியே இருந்தது.

அது அக்காவின் குண்டா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்தவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊர் வெள்ளக்கடையிலிருந்து தினமும் போய் ஏற்காட்டில் ஒரு பங்களாவில் சமைத்தாள். பங்களா அம்மா சில அறைகளைத் தங்க வருகிறவர்களுக்கு விட்டிருந்தார். ஞாயிறு மதியம் அங்கே ஆட்டுத் தொடை ரோஸ்ட். அதை அடுக்களையிலேயே அறுத்து மேசைக்கு அனுப்பியபின், எலும்போடு ஒட்டி நின்ற கறியையும் கூட வெந்த உருளைக்கிழங்கு, கேரட்டையும் அந்த அம்மாவே அக்காவுக்குக் கட்டிக் கொடுப்பார். “தட்டுக்குப் போன துண்டு ஒண்ணுகூட நம்ம ஊட்டுக்கு வராது, கண்ணு” என்று அக்கா அடிக்கடி சொல்வாள். மிச்சத்தை வாங்குவாள், எச்சிலைத் தொடமாட்டாள். அதில் அவள் கறார்.

திங்கட்கிழமை அந்த எலும்பு குண்டாவுக்குள் போகும். சின்ன வெங்காயம், தட்டிப்போட்ட மிளகு, கொல்லையில் காய்த்த மேரக்காய். ரோஸ்டில் வெந்த உருளைக்கிழங்கைக் கையால் மசித்துக் கரைத்துவிடுவாள். குழம்பு தானாகக் கெட்டிப்படும். ஏற்கெனவே தீயில் சிவந்த கறி என்பதால் அதற்கு வேறு எந்தக் குழம்பிலும் இல்லாத ஒரு வாசம். களி உருண்டையில் குழி பண்ணி ஊற்றுவாள். எலும்பு எனக்கு. சேலத்தில் வேலை கிடைத்து நான் லீவுக்கு வரும்போதும் அப்படித்தான். “காலேஜ் வாத்தியாருங்க எலும்பு கடிப்பீங்களா, இல்ல ஸ்பூன் கொண்டாரட்டுங்களா?” என்பாள். கேட்டுக்கொண்டே எலும்பை என் தட்டில் வைத்துவிடுவாள்.

எனக்குப் பெண் பேசியபோது, பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வீடு பார்க்க மலையேறி வந்தார்கள். வசதியான குடும்பம். பெண்ணின் அப்பா வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து இறங்கினார். அன்று திங்கட்கிழமை. தனக்குத் தெரிந்ததில் மிக நல்லதைத்தான் அக்கா அவர்களுக்காகச் செய்திருந்தாள். வீடு முழுக்க அந்த வாசம். “ஏனுங்க, என்ன கறியுங்க இது, இப்படி மணக்குது?” என்று பெண்ணின் அம்மா ஆசையாகத்தான் கேட்டார். அக்கா பங்களாவில் வேலை செய்வது அவர்களுக்குத் தெரியும். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் பயந்தேன்.

“அது நாய்க்குங்க. பங்களாவுல மிஞ்சினதை அக்கா நாய்க்குக் கொண்டாரும்” என்றேன்.

அக்கா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. “ஆமாங்க, நாய்க்குத்தானுங்க” என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, அவசரமாகப் பருப்பு வேகவைக்கப் போனாள். சம்பந்தம் அன்றே முடிவானது.

அவர்கள் போனபின் அக்கா குண்டாவைத் தூக்கிக்கொண்டு காப்பிக் களத்துப் பக்கம் போனாள். எஸ்டேட் நாய் ஒன்று அங்கே படுத்திருக்கும். நான் பின்னாலேயே ஓடி, இனி நாம் சாப்பிடலாமே என்றேன். அவள் முழுவதையும் கவிழ்த்தாள், எலும்பு உட்பட. “நாய்க்குன்னு சொன்னதை ஊட்டுல திங்கக்கூடாது, சாமி” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதன்பிறகும் பல வருஷம் அவள் பங்களாவில் சமைத்தாள். ஒரு திங்கட்கிழமைகூட அந்தக் குழம்பு எங்கள் வீட்டில் கொதிக்கவில்லை. குண்டா கோழித் தீவனத்துக்குப் போனது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நடந்தது உறுதியாகிவிடும் என்று நினைத்தேன். கேட்காமலிருந்தால் அவள் மறந்துவிடுவாள் என்றும் நினைத்தேன்.

அவள் மறக்கத் தொடங்கியபோது எல்லாவற்றையும் மறந்தாள், என்னையும் சேர்த்து. மனைவி போனபின் நான் வெள்ளக்கடைக்கே திரும்பிவந்து அக்காவோடு இருக்கிறேன். என்னை, தன்னைப் பார்த்துக்கொள்ள வந்த யாரோ ஓர் ஆள் என்று நினைத்து மரியாதையாகப் பேசுகிறாள். இரண்டு வாய்க்கு மேல் எதுவும் இறங்குவதில்லை. போன ஞாயிறு மகன் குடும்பத்தோடு வந்து ஓட்டலில் தங்கினான். அவர்கள் வாங்கிய ரோஸ்டில் மிஞ்சியதைக் கட்டித் தரச் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியம். மறுநாள் மிளகு தட்டி, உருளைக்கிழங்கை மசித்துக் கரைத்து, அந்தக் குண்டாவிலேயே வைத்தேன். ஆவி பழைய பக்கமாகவே வந்தது. அவள் சாப்பிட்டபின் சொல்லிவிட வேண்டும், புரிகிறதோ இல்லையோ சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன்.

அக்கா சாப்பிட்டாள். கிண்ணம் காலியாகும்வரை வாயைத் திறந்து திறந்து காட்டினாள். துண்டால் வாயைத் துடைத்துவிட்டு, “அக்கா, அன்னைக்கு நான்...” என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“நொம்ப நல்லா இருந்துச்சுங்க. எந்தம்பி வர்றதுக்குள்ள அந்தக் குண்டாவைக் கழுவிக் கவுத்திருங்க. காலேஜ் வாத்தியாருங்க அவன். பார்த்தான்னா சங்கடப்படுவான்.”

சரிங்க என்றேன். குண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.